மாற்றிய உறுப்பும் மாறாத வண்டியும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, தொடக்கத்தில் இருந்தவற்றுள் ஒன்றுகூட எஞ்சாத நிலை வந்தால், அது முன்பிருந்த அதே பொருள்தானா என்னும் வினா கிரேக்கத்திலும் இந்தியாவிலும் ஈராயிரம் ஆண்டுகளாக வாதிக்கப்பட்டு வருகிறது. தத்துவ நூல்கள் இதனைக் கற்பனைக் கப்பலையும் கற்பனைத் தேரையும் வைத்துப் பேசுவதால், படிப்பவர்கள் இதை வெறும் அறிவுப் பயிற்சி என்று எண்ணி ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் இதே வினாவுக்கு விடை சொல்லியே தீரவேண்டிய, அந்த விடையைப் பொறுத்துப் பெரும் பணம் கைமாறுகிற, பல ஆண்டு நட்பே முறிந்துபோகிற ஓர் இடம் உண்டு. அது பழங்காலக் கார் உரிமையாளர்களின் கழகம்.

பிரித்தானிய வழக்கில், முதல் உலகப்போர் முடிந்தது முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்கள் ‘வின்டேஜ்’ எனப்படும். அதற்குப் பின் வந்து, உற்பத்தி நின்றுபோய், பேணத்தக்கவை என்று மதிக்கப்படுபவை பொதுவாகக் ‘கிளாசிக்’ எனப்படும். இந்தியக் கழகங்கள் இந்த எல்லைகளைத் தத்தம் உறுப்பினர்களின் வண்டிகளுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்வதால், ஓர் ஊரில் கிளாசிக்காக நிற்கும் கார் வேறோர் ஊரில் வின்டேஜாகப் பரிசு பெறுவதில் வியப்பில்லை. சிம்சன் நிறுவனம் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிய நகரமும், பின்னாளில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் தயாரான நகரமுமாகிய சென்னையில், மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் இயங்கிவருகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்கு அணிவகுத்துச் செல்வது, பொதுமக்கள் பார்வைக்கு வண்டிகளை நிறுத்திவைப்பது, கிடைக்காத உதிரிப்பாகத்தை ஒருவர் மற்றவருக்குத் தேடித் தருவது, கை தேர்ந்த டிங்கர் யார், நிக்கல் பூச்சை ஒழுங்காகப் போடுகிறவர் யார் என்ற செய்தியைப் பரிமாறிக்கொள்வது ஆகியன இத்தகைய கழகங்களின் வழக்கமான பணிகள். இவற்றுள் தத்துவத்துக்கு நெருக்கமானது, போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் நடக்கும் மெய்ம்மைச் சோதனை, அதாவது ஒரு வண்டி தன்னை எதுவென்று சொல்லிக்கொள்கிறதோ அதுதானா என்று நடுவர்கள் ஆராய்வது.

அச்சோதனை நடக்கும் விதம் சற்று விரிவாகவே நோக்கத்தக்கது. நடுவர் முதலில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் கட்டையில் பொறித்த எண்ணையும் சேஸில் உள்ள எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறார். எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பழைய முறையில் அடிக்கப்பட்டவையா, அண்மையில் கழற்றி மாட்டப்பட்டவையா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றில் விட்வொர்த் அளவுப் போல்ட்டுகள் இருக்கவேண்டிய இடத்தில் மில்லிமீட்டர் அளவுப் போல்ட் தலை தென்பட்டால், அந்த இடத்தில் பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மட்கார்டின் மேல் சிறு காந்தம் ஒன்றை நகர்த்திக்கொண்டே போனால், தகடு அரித்துப்போய்ப் பட்டி அடித்து மூடிய இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர், ஆறு வோல்ட் மின்சுற்றுக்குப் பதில் பன்னிரண்டு வோல்ட், பழைய கிராஸ்பிளை டயருக்குப் பதில் ரேடியல் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் மதிப்பெண் குறைகிறது. இதில் ஒரு முரண் உண்டு: ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் இந்தியாவில் நின்றுபோனதும், அண்மையில் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியதும் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றும்படி உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தியுள்ளன. ஒரு துளியும் மாறாத கார் வேண்டுமானால் அதை ஓட்டாமல் வைத்திருக்கவேண்டும். ஓடும் கார் வேண்டுமானால் அது மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தியச் சட்டமும் இவ்வினாவில் ஒரு நிலைப்பாட்டை எடுத்துள்ளது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்ததும், தன் மூல வடிவில் பேணப்படுவதும், சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாததுமான இருசக்கர, நான்குசக்கர வாகனமே வின்டேஜ் வாகனம். அதற்கு ‘விஏ’ என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அந்த வண்டி கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். பெருமாற்றம் எது, சிறுமாற்றம் எது என்பதைச் சட்டம் மூன்று உறுப்புகளைச் சொல்லி முடித்துவிடுகிறது. மெய்யியலாரோ அந்த இடத்தில்தான் தொடங்குகிறார்கள்.

கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கூறும் செய்தியின்படி, வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பேணிவந்தனர். உளுத்த பலகையை அகற்றிப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்ததால், அது அதே கப்பல் என்றும் அன்று என்றும் அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு சிக்கலைக் கூட்டினார்: அகற்றிய பழம்பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, பழைய வரிசைப்படியே பூட்டி இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் தீசியஸின் கப்பல் எது? கார்க் கழகத்தாருக்கு இது கற்பனை இல்லை. நொறுங்கிய காரின் சேஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உரிமையாளர் புதுச் சேஸ் மாட்டிக்கொள்ள, போட்ட சேஸை வேறொருவர் எடைக்கு வாங்கி நிமிர்த்தி, அதன்மேல் ஒரு காரை எழுப்பி, இரண்டும் ஒரே எண்ணுக்கு உரிமை கொண்டாடி நின்ற வழக்குகள் மேல்நாட்டுப் பழங்கார் உலகில் பல உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் கதவு ஒரு கடையிலும் கியர்பாக்ஸ் ஒரு கடையிலும் ஸ்டியரிங் இன்னொரு கடையிலுமாக விற்கப்படுவதைப் பார்த்தவருக்கு, ஒரு கார் எத்தனை கார்களாகப் பிரிந்து வாழக்கூடும் என்பது விளக்காமலே விளங்கும்.

இந்திய மரபில் இவ்வாதத்துக்கு எடுத்துக்காட்டே வண்டிதான் என்பது பொருத்தமாக அமைந்துவிட்டது. மிலிந்தன் வினா என்னும் பாலி நூலில், மினாண்டர் என்று வரலாற்றில் அறியப்படும் கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அவன் ஏறிவந்த தேர் எது என்று கேட்கிறார். ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, இவையெல்லாம் சேர்ந்தது தேரா, இவற்றுக்கு அப்பால் வேறொன்று தேரா என்று அடுக்கடுக்காகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் இல்லையென்ற விடையையே பெற்று, உறுப்புகள் ஒருவகையாகக் கூடியிருப்பதைக் குறிக்கும் வழக்கே தேர் என்னும் பெயர், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று நிறுவுகிறார். மனிதருக்குள் நிலையான ஆன்மா ஒன்று இல்லை என்று காட்டுவதே அவர் நோக்கம். இந்த வாதத்தின் முன் நடுவரின் காந்தமும் ஆர்.சி. புத்தகமும் வலுவிழக்கின்றன, 1936 மாடல் கார் என்று ஒன்று கொட்டகையில் நிற்கவில்லை, அப்படி அழைப்பதென்று மக்கள் செய்துகொண்ட உடன்பாடே நிற்கிறது.

நியாய, வைசேடிக மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகள் அவயவம் என்றும், அவை சேர்ந்து உண்டாகும் முழுமை அவயவி என்றும் அவர்கள் பெயரிட்டு, அவயவி உறுப்புகளின் வெறுங்குவியலைவிட வேறான உண்மைப் பொருள் என்றனர். அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று, ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் வருகிறது என்பது. பேட்டரி இறங்கிய ஹெரால்டைப் பின்புறத்திலிருந்து தள்ளியவர் எவரும் இச்சான்றை மறுக்கமாட்டார். ஆனால் இந்த முழுமைக்கு அவர்கள் கொடுத்த விலை கடுமையானது. ஓர் உறுப்பு நீங்கினாலும் கூடினாலும் பழைய அவயவி அழிந்து புதிய அவயவி தோன்றுகிறது என்பது வைசேடிகக் கொள்கை. அதன்படி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டும்போதெல்லாம் ஒரு கார் மாண்டு இன்னொன்று பிறக்கிறது. மெய்ப்பொருளியலில் இது எவ்வளவு ஒழுங்கான விடையாயினும், இதை வைத்துக்கொண்டு எந்தக் கழகமும் உறுப்பினர் பட்டியல் தயாரிக்க முடியாது.

சமணர் நடுவழி கண்டனர். உள்பொருள் எதுவாயினும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உடையது என்றும், பொருள் நிலைத்திருக்க அதன் நிலைகள் மாறிவருகின்றன என்றும் அவர்கள் கொண்டனர். பொருளைத் திரவியம் எனவும் நிலையைப் பரியாயம் எனவும் அழைத்தனர். தமிழில் நீலகேசி என்னும் சமணக் காப்பியம் பௌத்தரோடு வாதிடுவதும், எல்லாம் கணந்தோறும் அழிகின்றன என்னும் கொள்கையை மறுப்பதும் இந்த அடித்தளத்தில் நின்றே. இக்கொள்கை வழக்கறிவுக்கு மிக அணுக்கமானது. ஆயினும் காரைப் பொறுத்தவரை நிலைத்திருக்கும் அந்தத் திரவியம் எது என்று கேட்டால் விடை எளிதில் கிட்டுவதில்லை. ஹெரால்டு போன்ற காரில் சேஸ் தனி. உடற்கூட்டின் பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. ஆகவே சேஸையே காரின் உயிர்நிலையாகக் கொள்வது இயல்பு. அம்பாசிடரிலும் ஃபியட் 1100-இலும் உடலும் சேஸும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு. துருப்பிடித்த தளத்தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைக்கும்போது, அங்கே உயிர்நிலையில் எத்தனை பங்கு போயிற்று என்று அளப்பதற்குக் கோல் இல்லை.

இவ்வினா ஒருமுறை நீதிமன்றத்திலேயே முழுமையாக விசாரிக்கப்பட்டது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் கார், பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் இறந்தார். அதன்பின் அது வேறு உடற்கூட்டோடு மீண்டும் கட்டப்பட்டது. பல பதிற்றாண்டுகளுக்குப் பின் ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் ஆகாது என்று பின்வாங்கியதால், விற்றவர் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1929-ஆம் ஆண்டுக் காரிலிருந்து காலம் கணிக்க இயலாத சில்லறைப் பொருத்துகளைத் தவிர எதுவும் எஞ்சவில்லை என்றும், 1930-ஆம் ஆண்டுக் காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகியன மட்டுமே எஞ்சின என்றும் நீதிபதி ஆட்டன் கண்டறிந்தார். அப்படியிருந்தும் 1990-இல் அவர் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். மாற்றங்கள் படிப்படியாக நிகழ்ந்தன, கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமற்போகவில்லை, அதன் பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு கார் உலகில் இல்லை என்பவை அவர் கருதிய காரணங்கள். கடைசிக் காரணம் ஹாப்ஸின் இரண்டாம் கப்பலுக்கு நேரடியான மறுமொழி. அப்படியொரு போட்டிக் கார் இருந்திருந்தால் தீர்ப்பு இவ்வளவு எளிதாக அமைந்திராது.

போட்டியாளர் தோன்றாமல் தடுப்பதற்கு ஓர் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டுக் கோயில் மரபு நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகிறது. கோயிலைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்தின்போது, மூர்த்தியிடமுள்ள தெய்வ ஆற்றல் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பநீருக்கு ஈர்க்கப்பட்டு, பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சிற்றாலயத்தில் வழிபடப்படுகிறது. திருப்பணி முடிந்ததும் குடமுழுக்கில் அது மீண்டும் மூர்த்தியிடம் சேர்ப்பிக்கப்படுகிறது. சிதைந்த மூர்த்தியை அகற்றிப் புதியது வைக்க நேர்ந்தால், பழங்கல்லை ஆழ்ந்த நீரில் இடவும், மரமாயின் எரிக்கவும் ஆகமங்கள் விதிக்கின்றன. கல் மாறினாலும் சாமி மாறவில்லை என்று ஊர் ஏற்றுக்கொள்வது, இந்தக் கைமாற்றம் எல்லார் கண்முன்னும் நடப்பதாலும், கழிந்த கல் பின்னாளில் உரிமை கோரி வர வழியில்லாமற்போவதாலும்தான். திருவாரூர் ஆழித்தேர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தீக்கிரையாகிப் புதிதாகச் செய்யப்பட்டது. பிற்காலத்தில் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பெற்றது. ஆயினும் அதை ஆழித்தேரின் நகல் என்று எந்தப் பக்தரும் சொல்வதில்லை. நாகசேனர் அந்த வடத்தைப் பிடித்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது சுவையான ஊகம்.

காருக்குக் கலாகர்ஷணம் இல்லை. ஆயுதபூசையன்று சந்தனப் பொட்டும் எலுமிச்சம்பழமும் உண்டு என்பது வேறு செய்தி. அந்தக் கிரியையின் இடத்தில் நிற்கக்கூடியது பதிவு ஒன்றுதான்: எந்த உறுப்பு, எந்த ஆண்டில், யாரால் மாற்றப்பட்டது, கழற்றிய பழையது எங்கே போயிற்று என்னும் எழுத்துச் சான்று. ஒரு காரின் தொடர்ச்சியை அதைப் பேணிவந்தவர்களின் இடையறாத கவனிப்பே உண்டாக்குகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டத் தோன்றும். அதற்கு எதிராக வலுவான ஒரு தடை எழுகிறது. ஊர்ப்புறக் கொட்டகையில் கோழிக்கூடாகி, நாற்பது ஆண்டு யாரும் திரும்பிப் பாராமல் கிடந்து, ஒருநாள் கண்டெடுக்கப்படும் கார் உண்டு. கவனிப்பு அறுந்தே போன அந்தக் கார், ஆண்டுதோறும் வண்ணம் பூசப்பட்ட காரைவிட நூறு மடங்கு மெய்யானது என்றே கழகத்தார் கொண்டாடுகின்றனர். அவர்கள் கொண்டாடுவது சரியே. பொருள் அப்படியே எஞ்சியிருக்கும்போது அதற்குச் சாட்சி வேண்டியதில்லை. துருவும் நிறம் மங்கிய பழைய வண்ணமுமே சாட்சி. பொருள் கழியக் கழிய, கழிந்த அளவுக்குச் சாட்சி வந்து அந்த இடத்தை நிரப்பவேண்டியிருக்கிறது. பொருளும் போய்ச் சாட்சியும் இல்லாத இடத்தில் மட்டுமே, அதே கார் என்னும் பேச்சு உள்ளீடற்றதாகிறது.

நாகசேனர் கூறியது பொருளைப் பற்றிய உண்மை. அச்சிலும் சக்கரத்திலும் தேடினால் கார் கிடைக்கப்போவதில்லை. எனினும் பெயர் வழக்கு என்றால் வழக்கு எதன்மேலும் எப்படியும் நடக்கலாம் என்று பொருளாகாது. பழுது பார்க்கப்பட்ட கார் தாழ்ந்தது, தொடப்படாத கார் உயர்ந்தது என்னும் அண்மைக்கால மோகமும், பழையதெல்லாம் பளபளக்கவேண்டும் என்னும் முந்தைய தலைமுறை மோகமும் இந்த நுட்பத்தைத் தவறவிடுகின்றன. உலகப் பழங்கார்க் கழகங்களின் கூட்டமைப்பாகிய ஃபிவா, 2012-இல் ஏற்ற டூரின் சாசனத்தில், பழைய வண்டியில் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அம்பாசிடரில் மட்டடோர் டீசல் எஞ்சினை ஏற்றியவர் குற்றவாளி ஆகமாட்டார்; பெட்ரோல் விலைக்கு அஞ்சிய ஒரு காலத்தின் வரலாறு அந்த எஞ்சினில் இருக்கிறது. அதை இறக்கிவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய பெட்ரோல் எஞ்சினில் எண்ணைத் தேய்த்து மாற்றிப் பொறித்து, பிறந்தநாள் முதல் இதுவே இருந்தது என்று காட்டுகிறவரே வண்டியின் தொடர்ச்சியை அறுக்கிறார்.

ஆகவே கழகங்கள் மெய்ம்மைச் சோதனையின் மதிப்பெண் முறையைத் திருத்திக்கொள்வது நல்லது: மாற்றத்துக்குக் குறைக்கும் மதிப்பெண்ணைப் பாதியாக்கி, மறைத்த மாற்றத்துக்கு வண்டியையே போட்டியிலிருந்து விலக்கலாம். ஒவ்வோர் உறுப்பினரும் வேலைப்பதிவேடு ஒன்று வைத்து, விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தோடு அதையும் சேர்த்துக் கொடுப்பதைக் கழக விதியாக்கலாம். உடைக்கப்படும் வாகனங்களில் சேஸ் எண் பொறித்த துண்டைத் தனியே வெட்டியெடுக்கும் நடைமுறை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. உறுப்பினர் கழற்றிப்போடும் சேஸுக்கும் அதையே செய்து, துண்டைக் கழக அலமாரியில் பூட்டி வைத்தால், அந்த எண்ணைச் சொல்லி இரண்டாவது கார் ஒன்று வந்து நிற்காது.